கசங்காத பதினொன்றாம் வகுப்பு

மே 19

இந்த நோட்டு எனக்குச் சும்மா வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் போன வருஷம் பிள்ளைகளுக்காக அடித்த டைரியில் இருநூறு மிச்சமாம். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரு கோடு இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் டைரி எழுதுகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நான் மட்டும் யாரைப் பார்த்துச் சிரிக்காமல் விட்டிருக்கிறேன்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் இன்று வந்தது. என் மகள் கனிஷ்கா ஐந்நூற்றுக்கு 478. அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவள்தான் முதல். பேர் வைக்கும்போது அது வடக்கே ஆண்ட ஒரு தாடிக்கார ராஜாவின் பேர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போகட்டும், ராஜா பேரைக் காப்பாற்றிவிட்டாள்.

அவளுக்குப் பல் டாக்டர் ஆக வேண்டும். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கு வந்த பல் முகாமில் டாக்டரம்மாவுக்கு டார்ச் அடித்தவள் இவள். அன்றிலிருந்து வீட்டில் யார் கொட்டாவி விட்டாலும் எட்டிப் பார்க்கிறாள். நான் வாயை மூடுவதே இல்லை என்பதால் என்னைப் பார்ப்பது அவளுக்குச் சுலபம்.

மத்தியானம் கரஸ்பாண்டென்ட் அய்யா கூப்பிட்டு அனுப்பினார். நான் ஆயாவாக இருப்பது பைபாஸ் ரோட்டில் நாலு மாடியில் நிற்கும் தனியார் பள்ளி. பேரை எழுத மாட்டேன். சம்பளம் அங்கேதான் வருகிறது. பன்னிரண்டு வருஷமாக அய்யாவின் அறைக்குள் துடைப்பத்தோடுதான் போயிருக்கிறேன். இன்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்ததும் பயமாகிவிட்டது. ஆயாவை உட்கார வைத்துப் பேசினால் ஒன்று வேலை போகும், இல்லையென்றால் எதையோ கேட்பார்கள்.

கேட்டார். கனிஷ்காவைக் கேட்டார். பதினொன்றாம் வகுப்பு ஸ்பெஷல் பேட்ச், முதல் குரூப், நீட் பயிற்சியும் உண்டு, எல்லாம் இலவசம். இவள் எல்.கே.ஜி. சேரும் வயதில் இதே அறையில் நின்று கேட்டேன். சலுகை டீச்சர் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார். பாருங்கள், சலுகைக்குக் கால் முளைத்து நடந்து வர பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதற்கு நான் என்ன படித்தவளா?

மே 21

அரசு பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கினேன். தலைமையாசிரியை அம்மா மூன்று தடவை கேட்டார்கள், நிஜமாகவே வேண்டுமா என்று. மூன்று தடவையும் ஆமாம் என்றேன். பிசிக்ஸ் எடுக்கும் ரெஜினா டீச்சர் இருந்தால் நாலாவது தடவையும் கேட்டிருப்பார். நல்லவேளை, லீவுக்கு ஊருக்குப் போய்விட்டாராம்.

டி.சி., மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ் மூன்றையும் எங்கள் ஏ.ஓ. தண்டபாணி சாரிடம் கொடுத்தேன். ஆபீஸ் அவர் ராஜ்ஜியம். பச்சை ஃபைலில் வைத்து பீரோவைப் பூட்டினார். ரசீது கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த பீரோவை நான்தானே துடைக்கிறேன்.

மே 22

புது யூனிஃபார்ம் வந்தது. டை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றாள். அரிசி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை, எனக்கும்தான்.

மே 24

கனிஷ்கா கேட்டாள், நான் பதினொன்றாம் வகுப்பு இருக்கும் மாடியையும் கூட்டுவேனா என்று. கே.ஜி. பக்கம் மாற்றிக் கேட்டிருக்கிறேன் என்றேன். எனக்கும் மூட்டு வலி, மாடி ஏறுவது கஷ்டம்தான். கே.ஜி. பிள்ளைகள் என்றால் தமாஷாகப் பொழுதும் போகும்.

மே 25

ஸ்டோர் ரூம் சுத்தம். போன வருஷப் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை எடைக்குப் போடக் கட்டுக் கட்டினேன்.

எழுத்தைப் படிப்பதைவிட அழுக்கைப் படிப்பது எனக்குச் சுலபம். எந்தப் பிள்ளை எந்த பெஞ்சில் எச்சில் தொட்டு எழுதியது என்று தரையைப் பார்த்தே சொல்வேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் ஓரமெல்லாம் கறுத்து, அட்டை கிழிந்து, சோறு, மை, எண்ணெய் என்று எல்லாம் பட்டு, மழையில் நனைந்த எருமைக்கன்று மாதிரி இருந்தன. பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களோ பெண் பார்க்க உட்கார வைத்த மாதிரி. முதல் பக்கத்தில் பேர், வருஷம், பிரிவு எல்லாம் அழகாக எழுதியிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு விரல் ரேகை கிடையாது. பிரித்தால் பக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறது, மை வாசனை அடிக்கிறது.

எங்கள் பிள்ளைகள் புத்தகத்தை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்று வாட்ச்மேனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொறாமை. அவர் பேரன் புத்தகத்தை ஆடு தின்றுவிட்டது.

மே 28

எங்கள் வீட்டுக்காரர் சத்தீஸ்கரிலிருந்து பேசினார். வையாபுரி என்றால் போர்வெல் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் வருஷத்தில் நாற்பது நாள் மட்டும் தெரியும். பிள்ளை அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள் என்றதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். சந்தோஷமாம்.

ஜூன் 1

காலையில் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நடுவில் கரஸ்பாண்டென்ட் அய்யா கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். அவர் தோளுக்குப் பக்கத்தில் கனிஷ்கா, 478. ‘எங்கள் பள்ளியின் பெருமை’. பத்து வருஷம் சோறு போட்டு வளர்த்த அரசு பள்ளிக்கு ஒரு மூலைகூட இல்லை. என் மகளுக்குக் கம்ப்யூட்டரில் இரண்டு கோட்டிங் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவள் அப்பா பார்த்தால் யார் இந்தப் பிள்ளை என்று கேட்பார்.

அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் ரெஜினா டீச்சர் ஸ்கூட்டியில் நேராக வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“மைனாவதி, டி.சி.யை அங்க குடுத்துட்டீங்களா?”

“குடுத்துட்டனுங்க டீச்சர். நீங்க இருந்திருந்தா உங்க கையால குடுத்திருப்பேன்.” என் வாய் சும்மா இருக்குமா?

அவர் சிரிக்கவில்லை. கனிஷ்காவை உள்ளே போகச் சொல்லிவிட்டு விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் தனியாக உண்டு. பல் டாக்டருக்கும் அதுதான். கனிஷ்கா ஐந்து வருஷம் தாண்டிவிட்டாள், இன்னும் இரண்டே வருஷம். அதைத்தான் நான் பச்சை ஃபைலில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அங்கே படிப்பு நன்றாக இருக்குமே டீச்சர், எல்லாரும் 590 எடுக்கிறார்களே என்றேன்.

“எடுப்பாங்க. ரெண்டு வருஷமும் பன்னெண்டாவது பாடத்தையே நடத்துனா யாருதான் எடுக்க மாட்டாங்க? பதினொன்னாவதுக்குத்தான் இப்ப பொதுத்தேர்வே கெடையாதே. ஆனா நீட்டுல பாதிக் கேள்வி பதினொன்னாவதுல இருந்து வருது. அதை யாரு சொல்லித் தருவாங்க?”

எனக்கு அந்த மை வாசனை மூக்கில் வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்கள். இதைப் போய் வாட்ச்மேனிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

இப்போது அவள் பேர் கம்ப்யூட்டரில் இரண்டு பள்ளிக்கும் நடுவில் தொங்குகிறதாம். எங்கள் பள்ளி இழுத்துச் சேர்த்துவிட்டால், பிறகு ஒரு நாள் படித்தாலும் தனியார் பள்ளிதான். ஜூன் எட்டாம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் டி.சி. கைக்கு வர வேண்டும்.

ஜூன் 2

கனிஷ்கா வர மாட்டேன் என்கிறாள். அவள் பேசியதில் நியாயம் இருப்பதுதான் கஷ்டம்.

“ரெஜினா டீச்சர்கிட்ட நூத்துக்கு அறுபது வாங்கறதே பெருசும்மா. ஒரு கணக்கை மூணு நாள் நடத்துவாங்க. அங்க எல்லாரும் தொண்ணூத்தஞ்சு வாங்குவாங்க, நான் அறுபது வாங்கிட்டு நிக்கணுமா? காலேஜ்ல மார்க்கத்தானே பாப்பாங்க?”

பல் டாக்டருக்கு மார்க்கைப் பார்க்க மாட்டார்களாம், அந்தப் பரீட்சையைத்தான் பார்ப்பார்களாம் என்றேன். அங்கேயும் அதற்குப் பயிற்சி உண்டு, ஃப்ளெக்ஸிலேயே போட்டிருக்கிறார்கள் என்றாள். ஃப்ளெக்ஸில் உன்னை வெள்ளையாகவும்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கு அவள், “உனக்கு நான் அங்க படிக்கறது பொறுக்கல” என்றாள்.

துணி நிறையக் கிடந்தது, துவைத்தேன். துவைத்ததையே இரண்டாம் தடவையும் துவைத்திருக்கிறேன் போல, சோப்பு தீர்ந்துவிட்டது.

ஜூன் 3

ஏ.ஓ. சாரிடம் டி.சி. கேட்டேன். அய்யா வெளியூரில் இருக்கிறார், அவரைத்தான் கேட்க வேண்டும் என்றார். அய்யாவின் கார் வாசலில் நின்றது. நான்தான் காலையில் அதன்மேல் விழுந்திருந்த வேப்பம்பூவைத் துடைத்தேன். கார் மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது போலிருக்கிறது என்றேன்.

ஏ.ஓ. சார் கண்ணாடியைக் கழற்றினார். “மைனாவதி, இந்த வருஷம் ஆயாக்களைக் கொஞ்சம் கொறைக்கலாமான்னு அய்யா யோசிக்கறாரு. நான்தான் உன் பேரைச் சொல்லி வேண்டாம்னு வெச்சிருக்கேன்.”

நன்றி சார் என்று சொல்லிவிட்டு அவர் மேசையை இன்னொரு தடவை துடைத்தேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன். படிப்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தால், ஒன்று சொன்னார். “மேல மண்ணு இருக்கற வரைக்கும் கேசிங் பைப் எறக்கோணும் புள்ள. அதை விட்டுப்போட்டு வெறுங்குழியா ஓட்டுனா ஐநூறு அடி சீக்கிரமாப் போயிரும். அப்பறம் மேல இருந்து மண்ணு சரிஞ்சு மூடிக்கும். வேலையைப் பாத்தா ரொம்ப வேகமாத்தான் தெரியும்.” பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரே மூச்சில் பேசியது இதுதான் அதிகம்.

ஜூன் 4

சாமியாகப் பார்த்து ஷர்மிளாவை அனுப்பியது. இப்போது பன்னிரண்டாவது முடித்த, எங்கள் பள்ளியின் 592 மார்க். இரண்டு வருஷமாக எல்லா ஃப்ளெக்ஸிலும் நிற்கிற பிள்ளை. தன் சான்றிதழை வாங்க ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாமக்கல்லில் நீட்டுக்காக ஒரு வருஷம் தனியாகப் படிக்கப் போகிறாளாம். கனிஷ்காவை வேன் பாஸுக்குப் போட்டோ கொடுக்க நான்தான் கூட்டி வந்திருந்தேன். இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தூணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூணை நேற்றே துடைத்தாயிற்று.

நீட்டில் எவ்வளவு அக்கா என்று இவள் கேட்டாள். 720க்கு 171 என்றாள் அந்தப் பிள்ளை, டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

“எல்லாப் பாடமும் தெரியுமே, அப்பறம் எப்படிக்கா?”

“பாதி தெரியும். பதினொன்னாவது புக்கை நான் போன வாரந்தான் பிரிச்சேன்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கனிஷ்கா டையின் நுனியைத் திருகிக்கொண்டே வந்தாள். வந்ததும் டையை மடித்து பீரோவில் வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்குப் பெரிய வேலை.

ஜூன் 5

மறுபடியும் கேட்டேன். நாளை கூட்டம் முடியட்டும் என்றார் ஏ.ஓ. சார். நாளை புதுப் பெற்றோர்களுக்கு அறிமுகக் கூட்டம். ஹாலில் மேசை போட்டு, நம் பள்ளியில் எவ்வளவு படிக்கிறார்கள் என்று தெரிகிற மாதிரி கொஞ்சம் புத்தகம் அடுக்கி வை, பூ வை என்றார். சரிங்க என்றேன்.

ஜூன் 6

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். புத்தகம் அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினேன். எந்தப் புத்தகம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமில் எடைக்காரன் இன்னும் எடுத்துப் போகாத கட்டுதான் கைக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் பதினொன்றாம் வகுப்பு, ஒரு பக்கம் பன்னிரண்டு, நடுவில் சாமந்திப் பூ. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு செய்யவில்லை.

நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். டீ கொடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கோழிப்பண்ணைக்காரர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். பக்கம் ஒட்டியிருந்தது.

“இது புதுப் புத்தகமா ஆயா?”

“போன வருஷத்துதுங்க. பேர் எழுதியிருக்கு பாருங்க. எங்க புள்ளைங்க பதினொன்னாவது புத்தகத்தை அப்படிப் பத்திரமா வெச்சிருப்பாங்க. பன்னெண்டாவதைத்தான் ரெண்டு வருஷமும் போட்டு இந்தப் பாடு படுத்துவாங்க.”

நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னேன். என் குரல் இயற்கையிலேயே பெரிசு. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். இந்தப் புத்தகத்தையும் அந்தப் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மேடையில் அய்யாவின் முகம் ஃப்ளெக்ஸில் இருப்பதைவிட வெளுத்துவிட்டது. முடிந்தது, இனி ஒருத்தரும் சேர மாட்டார்கள், ஸ்பெஷல் பேட்ச் கலைந்துவிடும், டி.சி. தானாக வரும் என்று நின்றேன்.

கோழிப்பண்ணைக்காரர் யோசித்துவிட்டுக் கேட்டார். “அப்ப ரெண்டு வருஷமும் ஒரே புத்தகந்தானா? அப்படின்னா அறநூத்துக்கு அறநூறே வாங்கலாமுங்களே?”

அவ்வளவுதான். அய்யாவுக்கு ரத்தம் திரும்பி வந்தது. மைக்கைப் பிடித்து, இதுதான் நம் பள்ளியின் தனிமுறை, வேறு எங்கும் கிடைக்காது என்றார். கைதட்டினார்கள். கூட்டம் எழுந்து அட்மிஷன் கவுன்டருக்கு ஓடியது. ஒரே ஒருத்தர் மட்டும் தன் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். குண்டு வைக்கப் போனவள் வைத்தது ஊதுபத்தி.

பன்னிரண்டு மணிக்கு ஸ்பெஷல் பேட்ச் நிரம்பிவிட்டது. அய்யா என்னைக் கூப்பிட்டார், மறுபடியும் நாற்காலி. மைனாவதி, நீ படிக்காத மேதை, உனக்கு என்ன வேண்டும் கேள் என்றார்.

“எம் புள்ளை டி.சி. வேணுமுங்க அய்யா.”

சிரிப்பு பாதியில் நின்றது. ஏ.ஓ. சார் குனிந்து அவர் காதில் சொன்னார். என் காது அவர் வாயைவிட நல்ல காது. “குடுத்துருங்கய்யா. அதே ஸ்கூல்ல ரெண்டாவது வந்த புள்ளை, 471. அம்மா வெளியதான் உக்காந்திருக்குது. அந்த எடத்துல அதைப் போட்டுக்கலாம்.”

பச்சை ஃபைல் வந்தது. மூன்று காகிதமும் வந்தது. ஃப்ளெக்ஸ் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றார் அய்யா. இருக்கட்டும் என்றேன்.

வெளியே பெஞ்சில் பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ருக்குமணி. பின்தெருவில்தான் வீடு. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள், புருஷன் இல்லை. அவள் மகள் மேகவர்ஷினி கனிஷ்காவோடுதான் படித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். டி.சி.யை முந்தானைக்குள் வைத்திருந்தேன், வேர்வை பட்டுவிடும் என்று. அரசு பள்ளி ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிவிடும். பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. இல்லையென்றால் நின்று பேசியிருப்பேன்.

ஜூன் 6, மறுபடியும்

கனிஷ்கா பேர் அரசு பள்ளியில் ஏறிவிட்டது. முதல் குரூப். ரெஜினா டீச்சர் கம்ப்யூட்டரில் காட்டினார். பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்திருக்கிறது, சும்மாதான் ஓடியிருக்கிறேன்.

ஜூன் 7

ருக்குமணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். அய்யா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நீ விட்டுக் கொடுத்த இடம்தான் என் பிள்ளைக்குக் கிடைத்தது, நீ அந்தப் புத்தகத்தைக் காட்டாமல் இருந்தால் எனக்கு அந்தப் பள்ளியின் அருமையே தெரிந்திருக்காது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

நாளை காலைதான் பேரை ஏற்றுவார்கள். இன்னும் நேரம் இருந்தது. சொன்னேன். ஏழரை இடத்தைச் சொன்னேன், நீட்டைச் சொன்னேன், ஷர்மிளாவின் 171ஐச் சொன்னேன். ஒரு கேலி கலக்காமல் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“போக்கா. ஒரு நாளாச்சும் ஒழுங்காப் பேச மாட்டியா? நேத்து அத்தனை பேருக்கு முன்னால அப்படிப் புகழ்ந்து பேசிப்போட்டு, இன்னைக்கு இப்படி.”

நிஜமாகத்தான் சொல்கிறேன் ருக்கு என்றேன். போன பொங்கலுக்கு அவள் வீட்டு மாட்டுக்குப் பென்ஷன் வருகிறது, தாலுகா ஆபீஸில் கையெழுத்து வாங்கு என்று சொன்னபோதும் இதே முகத்தோடுதான் சொன்னேனாம். அது உண்மை. அவள் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்விட்டு வந்தாள், தெருவே ஒரு மாதம் சிரித்தது.

ரெஜினா டீச்சருக்கு போன் செய்தேன். பாவம், ஞாயிற்றுக்கிழமையும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் வீட்டுக்குப் போனார். டீச்சர் தன் பள்ளிக்கு ஆள் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ருக்குமணி காபி கொடுத்து அனுப்பிவிட்டாளாம்.

ஜூன் 8

பள்ளி திறந்தது. கே.ஜி.யில் நாற்பது பிள்ளைகள் ஒரே ராகத்தில் அழுதன. மேல் மாடிக்கு வேறு ஆயா போனாள். மேகவர்ஷினி பேர் பதினொன்றரைக்கு ஏறியது என்று அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். ஒரு தடவைதான் கேட்டேன்.

ஜூன் 13

மேல் மாடி ஆயா லீவு. நான் போனேன். ஸ்பெஷல் பேட்ச் பெஞ்சில் எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். மூன்றாவது பெஞ்ச் மேகவர்ஷினி. டை அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20

கனிஷ்கா இரண்டு நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறாள். என்ன பாடம் என்று கேட்டேன். ஒரு பொருள் ஏன் நகர்கிறது என்று டீச்சர் கேட்டாராம், ஒருத்தருக்கும் தெரியவில்லையாம், தெரிகிற வரைக்கும் அடுத்த பக்கம் கிடையாதாம். நான் அவள் தட்டை நகர்த்தி வைத்து, சோறு ஆறினால் தட்டு அடுப்படிக்குத் திரும்ப நகரும் என்றேன். முறைத்தாள். புத்தகத்தின் முதல் பாடம் அதற்குள் கறுத்துவிட்டது. அதில் ரசம் கொட்டியது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

ஜூன் 27

முதல் டெஸ்ட். ஐம்பதுக்குப் பதினாலு. பேப்பரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அழுகிறாள் என்று முதுகே சொன்னது. சிவப்பு மையில் ரெஜினா டீச்சர் கணக்கு கணக்காகத் திருத்தி, கடைசியில் ‘மூன்றாம் படி வரை சரி. நாளை இங்கிருந்து’ என்று எழுதியிருந்தார்.

கையெழுத்துப் போட்டேன். எங்கள் வம்சத்தில் மூன்றாம் படி வரை போனது நீதான் என்றேன். திரும்பாமலே சிரித்தாள், அல்லது மூக்கை உறிஞ்சினாள். பத்து நிமிஷம் கழித்து அந்தக் கணக்கை மறுபடி எடுத்தாள். இரண்டு வருஷத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பரீட்சையில் எத்தனை வாங்குவாள் என்று டீச்சருக்கே தெரியாதாம், கேட்டேன்.

ஜூலை 4

ரேஷன் கடையில் நல்ல கூட்டம். ருக்குமணி எனக்கு முன்னால் நின்றாள். மேகவர்ஷினி டெஸ்டில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பதாம். ஒரு மார்க் எங்கே போயிற்று என்று கரஸ்பாண்டென்ட் அய்யாவே கூப்பிட்டுக் கேட்டாராம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கனிஷ்கா எவ்வளவு என்று கேட்டாள். பதினாலு என்றேன்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. ருக்குமணி என் தோளில் கை வைத்தாள். “விடுக்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையுமா? நான் வேணும்னா அய்யாகிட்டச் சொல்லிப் பாக்கட்டுமா? என்னைய மதிப்பாப் பேசறாரு. திரும்பச் சேத்துக்குவாரு.”

வேண்டாம் தாயி என்றேன்.

அவள் அரிசி வாங்கியதும் மூட்டையை நான் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். எதற்குக்கா என்று பின்னாலேயே வந்தாள். என் கார்டுக்கு இன்று அரிசி இல்லையாம், கை சும்மாதானே இருக்கிறது என்றேன். இருபது கிலோ இருக்கும். பின்தெருவின் கடைசி வீடு அவளுடையது. வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.